ஒன்பதால் பிரியும்

முதல் மாதம் என் பரீட்சை மீதி சமப்படவில்லை.
இருநூற்றெழுபது ரூபாய்
எங்கோ வழி தவறி நின்றது.
மிஸ் அபேகோன் தாளைப் பார்க்காமலே சொன்னார்:
வித்தியாசம் ஒன்பதால் பிரிந்தால்
ஏதோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும்.
தேடினேன்.
அறுநூற்று முப்பது முந்நூற்று அறுபதாகி
தபால் செலவுக்குள் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு
கண்டதையெல்லாம் ஒன்பதால் பிரிக்கிற வியாதி.
மட்டக்குளியில் ஏறும் 155, பிரியாது.
வீட்டு வாடகை இருபத்தேழாயிரம், பிரியும்.
எனக்கு இருபத்தொன்று, அப்பாவுக்கு நாற்பத்தெட்டு.
கழித்துப் பார்த்தேன்.
பிரியும்.

பதிவுப் படிவத்தில் பெயருக்கு இரண்டு பெட்டி.
பிறப்புச் சான்றில் இருந்த வரிசையிலேயே
பத்மசீலன் நிதுர்சன் என்று நிரப்பினேன்.
ஆகவே வகுப்பில் நான் பத்மசீலன்.
செவ்வாய் எட்டு மணிக்குப் பத்மசீலன் வந்திருக்கிறார்.
வியாழன் பத்மசீலன் பிந்திவிட்டார்.
நுண்பொருளியலில் பத்மசீலனுக்கு நாற்பத்தொன்று.
திருத்தலாமாம்:
சத்தியக் கடதாசி, ஐந்நூறு ரூபாய், மூன்று கிழமை.
விட்டுவிட்டேன்.

உயர்தரத்தில் நான் படித்த ஐந்தொகை
இங்கே பேலன்ஸ் ஷீட்.
சந்தர்ப்பச் செலவு என்று தமிழில் நினைத்து
ஆங்கிலத்தில் கை தூக்குவதற்குள்
செனாலி பதில் சொல்லி இருந்துவிடுவாள்.
எங்கோ கனடாவில் நொடிந்துபோன சப்பாத்துக் கம்பனியை
எங்கள் குழு மூன்று தடவை காப்பாற்றியது.
மூன்றாம் தடவை காப்பாற்றிய பகல்
இம்தாத் ஒரு மீன் ரோலை மூன்றாக வெட்டினான்,
தனக்குச் சிறியது.

ஆனியில் கம்பனி பார்க்கப் போனோம்.
கொள்ளுப்பிட்டி, கடல் பக்கம், இருபத்தாறு மாடி.
இம்தாத்தின் நானாவுடைய கல்யாணக் கோட்டு எனக்கு,
கை இரண்டு அங்குலம் நீளம்.
அந்தக் கட்டடத்தின் இரவு அலவன்ஸ் எவ்வளவென்று எனக்குத் தெரியும்.
அதன் சீருடை எங்கள் கொடியில் காயும்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வேலை.
போகப்போவதை நான் வீட்டில் சொல்லவில்லை.
அந்தக் கிழமை பகல் முறைக்கு மாறியதை
அவரும் சொல்லவில்லை.

முகம் தெரிகிற தரை. குளிர்.
மிஸ் பட்டியலை விரித்தார்.
நாணயக்கார. நௌஷாட்.
பத்மசீலன்.

யெஸ் மிஸ், என்றேன்.
மேடம், என்றது
வரவேற்பு மேசைக்குப் பின்னால் எழுந்து நின்ற குரல்.

சிலர் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை.
ஒரே பெயர் என்று மிஸ்ஸும் புன்னகைத்தார்.
அப்பா சட்டைப்பையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டியைத்
தொட்டுக் காட்டினார்,
அதுதான் பிழை செய்தது என்பதுபோல.
மிஸ், அவர்தான் பத்மசீலன்.
அவ்வளவுதான் சொல்ல இருந்தது.
ஆங்கிலத்தில் வசனம் ஆயத்தமாவதற்குள்
பட்டியல் ரணவீரவுக்குப் போய்விட்டது.

வருகையாளர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.
பேனையையும், மூடி கழற்றி.
பெயர் என்ற இடத்தில்
நிதுர்சன் என்று மட்டும் எழுதினேன்.
அவர் வாசித்தார்.
பக்கத்தில் நேரம் போட்டார், சரிந்த கையெழுத்தில், 9.27.
அட்டையைத் தரும்போது
விரல் படவில்லை.
மேலே பதினெட்டாம் மாடியில்
மனித வளம் பற்றி ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார்.
நல்ல பேச்சு. குறிப்பெடுத்தேன்.

இரவு பாணும் பருப்பும்.
டீவியில் கிரிக்கெட், சத்தமில்லாமல்.
மூண்டாவது லிஃப்ட் பதினாலில இறுகும், என்றார்,
இனி வந்தா முதலாவதில ஏறு.
ம்.
கோட்டு ஆரிட?
இம்தாத்தின்ட நானாட.
கையை உள்ளுக்கு மடிச்சுத் தைக்கலாம், நூல் கிடக்கு.
வேண்டாம் அப்பா,
திருப்பிக் குடுக்கோணும்.